பெரும்பதிவேடு எழுதிய தலைவலிகள்

பொருள்கள் பேச, மனிதர்கள் நின்று கேட்டு மறுமொழி சொல்லிய ஒரு காலத்தில், கல்லாங்காட்டுப்புதூர் வட்ட அரசு மருத்துவமனையின் முதலாம் சன்னலில் ஒருவர் வீற்றிருந்தார். அவரது திருப்பெயர் புறநோயாளர் பெரும்பதிவேடு. வயது முப்பத்தெட்டு ஆண்டு, நான்கு மாதம். நீலத்துணி போர்த்திய மேனி, நான்கு முனைகளிலும் சிவப்புத் தோல், முதுகில் பொன்னெழுத்து. ஆண்டுதோறும் உள்ளே புதுத்தாள் வைத்துத் தைக்கப்பட்டாலும், அட்டையும் முதுகும் நினைவும் என்றும் அவருடையவையே.

அவருக்கு ஒரு பெருமை உண்டு. முப்பத்தெட்டு ஆண்டுகளில் அவர் மேனியில் ஓர் அடித்தல் விழுந்ததில்லை. ஒரு திருத்தல் விழுந்ததில்லை. தணிக்கைக்கு வந்த அதிகாரி ஒருவர் அவரைப் புரட்டிப் பார்த்து, "பதிவேடென்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும்!" என்று சொல்லிப் போனதை, கேட்டவரிடமும் சொல்வார், கேளாதவரிடமும் சொல்வார்.

"காய்ச்சல் என்றால் காய்ச்சல். வயிற்றுவலி என்றால் வயிற்றுவலி. வந்ததை வந்தபடி எழுதுகிறவன் நான்" என்பார்.

செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் அவர் வந்ததை வந்தபடி எழுதுவதில்லை.

செவ்வாய்தோறும் மனநல மருத்துவர் ஹெப்சிபா மாவட்டத் தலைநகரிலிருந்து முதல் பேருந்தில் வந்து இறங்குவார். அவருக்கென்று அறை கிடையாது. மாடிப்படிக்கு அடியில் ஒரு பச்சைத் திரை, ஒரு மேசை, இரண்டு நாற்காலி. ஏழு ஆண்டுகளுக்கு முன் அந்தப் பிரிவு தொடங்கிய முதல் செவ்வாயன்று ஒரு தாய் தன் மகனை அழைத்துக்கொண்டு சன்னலுக்கு வந்தாள். "என்ன நோய்?" என்று பெரும்பதிவேடு உரத்துக் கேட்டார். பின்னால் நின்ற வரிசை முழுதும் காதைத் தீட்டிக்கொண்டது. அந்தத் தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "தலைவலின்னு எழுதிருங்க சாமி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கிசுகிசுத்தாள்.

பெரும்பதிவேட்டுக்கு மனம் இளகிவிட்டது. தலைவலி என்று எழுதினார். அவள் இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள். முப்பத்தோர் ஆண்டுப் பணியில் அவரை ஒருவரும் அப்படிக் கும்பிட்டதில்லை. அந்தக் கும்பிடு அவருக்குப் பிடித்துப்போயிற்று.

அன்று முதல் செவ்வாய்க்கு வருகிற எல்லாரும் தலைவலிக்காரர்கள் ஆனார்கள். கேட்கவேண்டியதே இல்லை. திரைக்குப் பின்னால் போகிறவர் என்று தெரிந்தால் போதும், பெரும்பதிவேடு தாமே தலைவலி என்று எழுதிவிடுவார். இப்படி எழுபத்துநான்கு பேர் மாதந்தோறும் வந்து மாத்திரை வாங்கிச் சென்றார்கள்.

பக்கத்தில் மைத்தட்டின்மேல் உட்கார்ந்திருப்பவர் ரப்பர் முத்திரை. குட்டையான உருவம், வட்ட முகம், வாய் மட்டும் நீளம்.

"என்ன பெரியவரே, இன்னைக்கு நம்ம ஊர்ல எத்தனை தலை வலிக்குது?" என்று செவ்வாய்தோறும் கேட்பார்.

"பதினெட்டு."

"வலிக்காம என்ன செய்யும்? உம்ம பக்கத்துல உட்கார்ந்தா எனக்கே வலிக்குது."

பெரும்பதிவேடு காதில் வாங்கிக்கொள்ளமாட்டார்.

*

அந்தச் சன்னலுக்கு மாதம் தவறாமல் வருபவர்களில் பூவாத்தாளும் அவள் கணவன் சடையப்பனும் இருந்தார்கள். சடையப்பன் கிணறு வெட்டுகிறவர். காதுக்குள் யார் யாரோ பேசுகிறார்கள் என்று இரண்டு ஆண்டு ஊர் ஊராக அலைந்தவர். டாக்டரம்மாவின் மாத்திரை அந்தப் பேச்சை அடக்கி, அவரைக் கடப்பாறையும் கையுமாக மறுபடி வேலைக்கு அனுப்பியிருந்தது. வரும்போதெல்லாம் பூவாத்தா சன்னலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள்.

ஆனி மாதத்தில் ஒரு செவ்வாயன்று அவள் வந்தபோது முகம் கறுத்திருந்தது. சடையப்பன் அவளுக்குப் பின்னால், தரையைப் பார்த்தபடி நின்றார்.

"போன மாசம் வந்தப்ப மாத்திரை தீந்துபோச்சுன்னுட்டாங்க. டாக்டரம்மா தங்கிட்ட இருந்ததப் பத்து நாளைக்குக் குடுத்தாங்க. அப்பறம் ரெண்டு வாரம் வந்து வந்து பாத்தமுங்க, இல்ல. அதுக்குள்ள இவரு காட்டுல வெட்டிட்டிருந்த கெணத்துல எறங்கி உக்காந்துட்டாரு. மேல வரமாட்டேங்கறாரு. ஒண்ணரை நாள்! தூக்குல கஞ்சி ஊத்தி எறக்கறேன், குடிக்கறாரு. 'மேல வாங்க மாமா'ன்னா, 'அவங்க போகட்டும், வாரேன்'ங்கறாரு. யாருன்னு கேட்டா ஊரையே சொல்றாரு. பக்கத்துத் தோட்டத்துக்காரங்க நாலு பேரு கயித்துல எறங்கித்தான் கொண்டாந்தாங்க."

பெரும்பதிவேடு சென்ற மாதத்துப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"மாத்திரை வந்துருச்சுங்களா?" என்று பூவாத்தா கேட்டாள்.

"இன்று காலை வந்தது."

"நல்லா இருப்பீங்க சாமி" என்று அவள் கும்பிட்டாள். பிறகு, வழக்கம் போலக் குரலைத் தாழ்த்தி, "எழுதிக்குங்க, தலைவலி" என்றாள்.

அவர் எழுதினார். எழுத்து மட்டும் சற்றே கோணிற்று.

கூட்டம் கலைந்தபின் அவர் மருந்தறைப் பக்கம் திரும்பிக் கேட்டார்: "அலமாரியம்மா, மருந்து தீர்ந்துபோகும்வரை நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?"

மருந்து அலமாரி இரும்பினால் ஆனவள், பொறுமைசாலி. தன் கதவுகளை அகலத் திறந்தாள். தைல வாடை குப்பென்று வந்து சன்னல்வரை நின்றது. மேல்தட்டில் தைலம். நடுத்தட்டில் தைலம். கீழ்த்தட்டில் தலைவலி மாத்திரை, பெட்டி பெட்டியாக. அவள் காலடியில் பிரிக்கப்படாத தைலப் பெட்டிகள் இன்னும் ஆறு.

"நல்லாப் பாருங்க. மூணு வருசமா எனக்குக் கண்ணு எரியுது, ஒருத்தராவது கேட்டீங்களா?" என்றாள் அலமாரி. "மனசுக்கான மாத்திரைக்கு இந்த ஓரத்துல ஒரு சாண் இடம். அதுவும் டாக்டரம்மா மாவட்ட ஆஸ்பத்திரியில கெஞ்சிக் கூத்தாடிப் பையில போட்டுக் கொண்டுவர்றது."

"இவ்வளவு தைலத்தை யார் கேட்டார்கள்?"

"நீங்கதான்."

"நானா?"

"வருசத்துக்கு எண்ணூறு தலைவலி எழுதறீங்க. தலைநகரத்துல உட்கார்ந்து படிக்கிறவங்க, 'ஐயோ பாவம், அந்த ஊருக்குத் தலைவலி தாங்கலையே'ன்னு தைலத்த அனுப்பறாங்க. அவங்க மேல என்ன குத்தம்? உங்க கையெழுத்துதான் முத்து முத்தா இருக்குதே!"

முத்திரை மைத்தட்டில் புரண்டு புரண்டு சிரித்தார். பெரும்பதிவேடு சிரிக்கவில்லை. அன்று பிற்பகல் முழுதும் அவர் ஒரு பக்கத்தையும் திறக்கவில்லை.

*

ஆடி மாதம் பிறந்து சில நாளில் தலைநகரத்திலிருந்து ஓர் ஓலை வந்தது. வாசலில் ஒட்டப்பட்ட அதை டாக்டர் ஹெப்சிபா உரக்கப் படித்தார்.

"கல்லாங்காட்டுப்புதூர் மனநலப் பிரிவில் சென்ற ஆண்டு பதிவான நோயாளிகள் மூவர். தேவையில்லாத பிரிவை நடத்துவது பொதுப்பணத்துக்கு அழகன்று. ஆகவே அப்பிரிவை மூடி, மருத்துவரை மாவட்டத் தலைநகரிலேயே இருத்த எண்ணியுள்ளோம். ஆட்சேபம் இருப்பின், நிதி வழங்கும் திருவாளர் ஒதுக்கீடு ஆவணி மாதம் நேரில் வரும்போது தெரிவிக்கலாம்."

"யாருங்க அந்த மூணு பேரு?" என்று பூவாத்தா கேட்டாள்.

பெரும்பதிவேடு மிகத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "தெருவிலிருந்து காவலர்கள் அழைத்துவந்த மூவர். அவர்களுக்காகக் கிசுகிசுக்க உடன் யாருமில்லை. அதனால் உள்ளதை எழுதினேன்."

பூவாத்தாளுக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று. விளங்கியதும் அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"மாவட்டத்துக்குப் போவோணும்னா ரெண்டு பஸ்ஸு. நாலு மணி நேரம். ரெண்டு பேத்துக்கும் ஒரு நாள் கூலி போச்சு. பஸ்ஸுக் கூட்டத்துல எல்லாரும் தன்னையவே பாக்கறாங்கன்னு இவரு பாதி வழியில எறங்கிருவாருங்க. மொத மாசம் போவோம். ரெண்டாம் மாசம் போவோம்..."

மூன்றாம் மாதத்தை அவள் சொல்லவில்லை. கிணற்றின் ஆழம் அங்கிருந்த எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அன்று மாலை பெரும்பதிவேடு முத்திரையிடம் யோசனை கேட்டார். பெருமை மிக்கவர் அப்படிக் கேட்டது அதுவே முதல் தடவை.

"இனிமே உள்ளத எழுதும், அவ்வளவுதானே?" என்றார் முத்திரை.

"ஒதுக்கீடு படிக்கப்போவது சென்ற ஆண்டை. சென்ற ஆண்டில் நான் எழுதியதை நானே அடிக்கவேண்டும். சிவப்பு மையால்."

முத்திரையின் சிரிப்பு நின்றது. "பெரியவரே, சட்டம் தெரியும்ல? நூறு திருத்தத்துக்கு மேல விழுந்த பதிவேட்ட நம்பத்தகாததுன்னு சன்னல்ல இருந்து எடுத்துருவாங்க. பழந்தாள் அறை! கரையானுக்கு விருந்து! அதுமட்டுமா, திருத்தத்துக்குத் திருத்தம் பக்கத்துல நான் விழணும். என் பேரு அத்தனை அழுக்குக்கும் சாட்சி சொல்லணுமா? என்னை விட்டுரும் சாமி."

பெரும்பதிவேடு தம்மை மூடிக்கொண்டார். தூய வெண்மையான தம் பக்கங்களை உள்ளுக்குள் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். எண்ணூறு தலைவலி, ஒரு கறை இல்லை. அந்தக் கறையின்மையைக் காப்பாற்றிக்கொண்டுதான் தாம் ஒரு மனிதரைக் கிணற்றுக்குள் இறக்கினோம் என்று அவருக்குத் தோன்றிற்று. தோன்றியது போகவில்லை.

*

மறு செவ்வாயன்று அவர் சன்னலைத் தாண்டி வரிசைக்கே எழுந்து வந்தார். தனித்தனியாக ஒவ்வொருவரையும் அழைத்துச் சொன்னார்:

"உங்கள் மானத்தைக் காப்பதாக எண்ணி உங்கள் மருந்தை நான் கெடுத்துவிட்டேன். நோயின் பெயரைத் திருத்தி எழுத உங்கள் அனுமதி வேண்டும். மறுத்தால் மறுத்ததுதான், வற்புறுத்தமாட்டேன்."

சிலர் உடனே தலையசைத்தார்கள். சிலர் வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். ஓர் ஆசிரியை, "எழுதுங்க சார், ஸ்கூல்ல எப்படியும் தெரியும், என் முதுகுக்குப் பின்னாடி அவங்க வைக்கிற பேருக்கு டாக்டர் வைக்கிற பேரு எவ்வளவோ மேல்" என்றாள். தையற்காரர் உபயதுல்லா மட்டும் முகம் வெளிறி நின்றார். மாத்திரை அவர் மகளுக்கு.

"பிள்ளைக்கு இப்பத்தான் ஒரு இடம் பேசிட்டிருக்கேன். இந்த நேரத்துல பேரோட எழுதினீங்கன்னா நான் தொலைஞ்சேன். மன்னிச்சுக்குங்க."

"மன்னிப்பு நான் கேட்கவேண்டியது, பாய்" என்றார் பெரும்பதிவேடு.

சடையப்பன் முறை வந்தபோது, பூவாத்தா வழக்கம் போல அவருக்காகப் பேச வாயெடுத்தாள். சடையப்பன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். அவர் அந்தச் சன்னலில் தாமாகப் பேசியதை அதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

"நான் கெணத்துக்குள்ள நிக்கறவன்" என்று மெல்லத் தொடங்கினார். "அடியில என்ன தட்டுப்படுதுன்னு மேல இருக்கறவனுக்குத் தெரியாதுங்க. நான் சத்தம் போட்டுச் சொல்லோணும். மண்ணுன்னா மம்மட்டி எறக்குவான். பாறைன்னா வெடிக்காரனக் கூப்புடுவான். பாறையில நின்னுக்கிட்டு மண்ணு மண்ணுன்னு கத்துனா, அவன் மம்மட்டிதான் எறக்கீட்டே இருப்பான். அவன் மேல தப்பில்லீங்களே?"

"இல்லை."

"அப்ப எழுதுங்க. பாறைன்னு எழுதுங்க."

பூவாத்தா சிரித்துக்கொண்டே அழுதாள். "இம்புட்டுப் பேச்ச எங்க வெச்சிருந்தீங்க மாமா, என்கிட்ட ஒரு நாள் பேசினதில்லையே!"

"நீ எங்க பேச உட்டே?" என்றார் சடையப்பன். வரிசை முழுதும் சிரித்தது. படிக்கு அடியில் பச்சைத் திரையை விலக்கிக்கொண்டு டாக்டரம்மாவும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

பெரும்பதிவேடு சன்னலுக்குத் திரும்பினார். சிவப்பு மையில் பேனாவைத் தோய்த்தார். முதல் தலைவலியின் மேல் கோடு இழுத்தபோது உடம்பு முழுவதும் கூசிற்று. மேலே நோயின் மெய்ப்பெயரை எழுதினார். பிறகு முத்திரையைப் பார்த்தார்.

முத்திரை இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். "அந்தக் கெணத்துக்காரன் பேசாம இருந்திருக்கலாம்" என்று முணுமுணுத்தார். மைத்தட்டில் முகத்தை அழுத்தித் தோய்த்து எழுந்து, திருத்தத்தின் பக்கத்தில் தொப்பென்று விழுந்தார். "சரி, ஒண்ணு ஆச்சு. அடுத்தது எங்கே? சீக்கிரம், மை காயுது!"

நான்கு செவ்வாய்கள் இந்த வேலை நடந்தது. எழுபத்துநான்கு பேரில் அறுபத்தொருவர் சம்மதித்தார்கள். பதின்மூவர் வரிகள் தலைவலியாகவே நின்றன. அவற்றின்மேல் பெரும்பதிவேடு விரலும் வைக்கவில்லை. முத்திரையின் முகம் வீங்கி, எழுத்து மங்கிவிட்டது. ஆனாலும் அவர் ஒருநாளும் கேலி பேச மறந்ததில்லை.

*

ஆவணியில் திருவாளர் ஒதுக்கீடு ஜீப்பில் வந்து இறங்கினார். ஒல்லியானவர். அவர் சட்டை முழுதும் பைகள். ஒவ்வொரு பையின்மேலும் ஒரு பெயர் தைக்கப்பட்டிருந்தது. சாலை, பாலம், காய்ச்சல், பேறுகாலம், தலைவலி. பதிவேட்டில் எந்தப் பெயரைப் படிக்கிறாரோ அந்தப் பைக்குள் மட்டுமே அவர் கை நுழையும். வேறொன்றைத் திறக்க அவராலும் ஆகாது.

"பதிவேட்டைக் காட்டுக" என்றார்.

பெரும்பதிவேடு தம்மை விரித்து வைத்தார். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு. ஒதுக்கீடு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"தங்களைப் பற்றித் தலைநகரத்தில் நல்ல பெயர் கேட்டிருக்கிறேன். மாவட்டத்திலேயே தூய்மையான பதிவேடு என்பார்கள். இது என்ன கோலம்?"

"அந்தத் தூய்மை பொய், ஐயா. ஏழு ஆண்டு பொய் எழுதினேன். இரக்கப்பட்டுத்தான் எழுதினேன். அதனால் அது பொய் அல்லாமல் போய்விடாது. தாங்கள் கொடுக்க வந்ததை நானே வாசலில் தடுத்துத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன். இதற்கு என்ன தண்டனையோ ஏற்கிறேன். பழந்தாள் அறைக்குப் போகச் சொன்னாலும் போகிறேன். செவ்வாய்க்கிழமையை மட்டும் எடுத்துவிடாதீர்கள்."

ஒதுக்கீடு வரி வரியாகப் படித்தார். மருந்து அலமாரி தன் கதவுகளைத் திறந்து காட்டினாள். தைல வாடையில் அவர் இருமியபடி கண்ணைத் துடைத்துக்கொண்டார். படித்து முடித்து இடக்கையைத் தூக்கி, அக்குளுக்கு அருகில் இருந்த ஒரு சிறு பையைக் காட்டினார். 'மனநலம்' என்று அதன்மேல் எழுதியிருந்தது. வாய் தைத்து மூடியிருந்தது.

"ஆண்டுதோறும் இதைச் சுமந்துகொண்டுதான் தலைநகரத்தில் உங்கள் கணக்கைப் படிப்பேன். அதில் இதன் பெயரை வாசிக்க மூன்று வரிதான் இருக்கும்; அதற்காகத் திறப்பதில்லை. திறக்காத பையைத் தைத்துவிடுவது எங்கள் வழக்கம். ஒவ்வொரு தையலுக்கும் பை சிறுத்துவிடும். எங்கள் பக்கமும் பிழை உண்டு: எண்ணூறு தலைவலியும் ஏன் செவ்வாய்க்கிழமையிலேயே வருகிறது என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை."

அவர் நூலைப் பிரித்தார். கை உள்ளே நுழைந்தது.

"சிறிய பை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பெரிய கட்டடமும் கட்டில்களும் இதில் இல்லை. ஓர் அறை தருகிறேன். அறுபத்தொருவருக்கும் இனி வருவோருக்கும் ஆண்டு முழுதும் தடையில்லாமல் மருந்து தருகிறேன். வாரம் இரண்டு நாள் மருத்துவர் இருப்பார். வீடு தேடிச் சென்று விசாரிக்க ஒரு செவிலியர். ஆண்டுதோறும் திறந்தால் பைக்குத் துணி கூடும்."

"பெயரோடு எழுதித்தான் ஆகவேண்டுமா ஐயா?" என்று பெரும்பதிவேடு கேட்டார்.

"எனக்கு எதற்குப் பெயர்? எத்தனை பேர், என்ன நோய், அவ்வளவு போதும். பெயரை ஒரு பக்கத்திலும் நோயை மறு பக்கத்திலும் எழுதிப் பெயர்ப்பக்கத்தைப் பூட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஏழு ஆண்டில் இதை நீங்கள் கேட்டிருக்கலாமே!"

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற உபயதுல்லா தொண்டையைச் செருமினார். "ஐயா, நாங்க பதின்மூணு பேரு சம்மதிக்கல. எங்களுக்கு...?"

"அறுபத்தொருவருக்கும் இனி வருவோருக்கும் என்று சொன்னேன். நீங்கள் இனி வருவோர்" என்றார் ஒதுக்கீடு. தையற்காரர் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார்.

பூவாத்தா முன்னால் வந்து ஒதுக்கீட்டின் காலைத் தொடக் குனிந்தாள். அவர் திடுக்கிட்டுப் பின்வாங்கினார்.

"அம்மா, என் காலில் ஒன்றும் இல்லை. இந்தப் பையில் இருப்பதில் ஒரு காசுகூட என்னுடையது அல்ல. தீப்பெட்டி வாங்கியவர், சோப்பு வாங்கியவர், செருப்பு வாங்கியவர், எல்லாரும் கடையில் விட்டுச்சென்ற துளிகளைச் சேர்த்துத் தைத்த பை இது. நீங்கள் சோப்பு வாங்குவதில்லையா?"

"வாங்கறமுங்க. மாசம் ரெண்டு கட்டி."

"அப்படியானால் இதில் நீங்களும் இருக்கிறீர்கள்."

பூவாத்தா நிமிர்ந்து நின்று யோசித்தாள். "அப்ப மீதியெல்லாம் யாரு போட்டதுங்க?"

"உங்களை ஒருநாளும் பார்த்திராதவர்கள்."

அவள் மருத்துவமனையின் வாசலுக்கு நடந்தாள். தெருவில் அப்போது ஒரு பால்காரர் போனார். குடையோடு ஒரு முதியவர் போனார். பள்ளிப் பேருந்து ஒன்று தூசி கிளப்பிக்கொண்டு போனது. எவருக்கென்று குறிப்பிடாமல் பூவாத்தா தெரு முழுவதையும் பார்த்துக் கும்பிட்டாள். சடையப்பனும் அவள் பக்கத்தில் நின்று கும்பிட்டார். பால்காரர் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் தாமும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் சென்றார்.

சன்னலிலிருந்து அதைப் பார்த்த பெரும்பதிவேட்டுக்கு நெஞ்சு நிறைந்தது. இம்முறை அந்தக் கும்பிடு தமக்கு வரவில்லை என்பதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை.

பிறகு அவர் தம் அட்டையைச் சேர்த்து மூடி, ஒதுக்கீட்டின் முன் நின்றார். "என் தீர்ப்பைச் சொல்லிவிடுங்கள் ஐயா. சட்டப்படி நூறுதான் எல்லை. எத்தனை என்று எண்ணிவிட்டீர்களா?"

"எண்ணிவிட்டேன்."

"பெரியவர எடுத்தா என்னையும் சேர்த்து எடுத்துருங்க" என்றார் முத்திரை, வீங்கிய முகத்தோடு. "அத்தனைக்கும் நான்தான் சாட்சி. தனியா இங்க உட்கார்ந்து யாரோட வம்பிழுப்பேன்?"

ஒதுக்கீடு பேனாவை எடுத்தார். பெரும்பதிவேட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, நின்றபடியே எழுதினார். எழுதி முடித்து முத்திரையை நோக்கித் தலையசைத்தார். முத்திரை தம்மிடம் மிச்சமிருந்த மையெல்லாம் திரட்டி, அதன் கீழே வந்து விழுந்தார். கூட்டத்தில் நின்ற ஆசிரியை அதை எல்லாரும் கேட்கப் படித்தாள்:

"இப்பதிவேட்டில் எழுநூற்றுப் பதினெட்டுத் திருத்தங்கள் உள்ளன. ஆகவே இது நம்பத்தக்கது. இவ்விடத்திலேயே தொடர்ந்து இருக்க ஆணையிடப்படுகிறது. ஜய ஆண்டு, ஆவணித் திங்கள் பதினேழாம் நாள், செவ்வாய்க்கிழமை."